வியஞ்சான் வாசலில் சொல்ல வேண்டிய பதில்

கம்பம்,
நோன்புப் பெருநாள் கழிந்த வாரம்

மகனே, உனக்கும் உன்னைச் சுற்றியிருக்கிற எல்லோருக்கும் சலாம். நலம் விசாரிப்பை நடுவில் எங்காவது செருகிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் துணிக்கடை முதலாளி நோன்பு தொடங்கிய வாரம் இங்கே வந்து உன் கடிதத்தைக் கையில் கொடுத்ததிலிருந்து எனக்குள் கேள்விகள் முண்டியடித்துக்கொண்டு நிற்கின்றன. லாவோ பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக எழுதியிருக்கிறாய். நிக்காஹ் நம் முறைப்படி நடக்கும், பெண்ணும் சம்மதித்துவிட்டாள் என்கிறாய். அதில் எனக்குக் கேள்வி இல்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவள் உன் வீட்டுக்கு வரமாட்டாள், நீதான் அவள் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம் என்று அடுத்த வரியிலேயே எழுதிவிட்டாய். நீ எங்களுக்கு ஒரே மகன். அந்த ஒரு வரியால் இந்த வீடு நோன்பு மாதம் முழுக்க இரண்டுபட்டுக் கிடந்தது. வெள்ளைக்காரன் போய், ஊரெல்லாம் புதுக்கொடி பறக்கிறது. உன் அம்மா அதைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நீ போன புதிதில் நடந்ததை முதலில் நினைவுபடுத்துகிறேன், கொஞ்சம் சிரித்துக்கொள். போடியில் ரயிலேறி, புதுச்சேரியில் கப்பலேறி, சைகோனில் இறங்கி, அங்கிருந்து மேகோங் ஆற்றில் படகு மாறி மாறிப் போய்ச் சேர்ந்ததும் நீ எழுதிய முதல் கடிதத்தில், இந்த லாவோ நாட்டுக்குப் பழைய பெயரே 'பத்து லட்சம் யானை' என்று எழுதியிருந்தாய். வேறு யாராக இருந்தாலும் ஆகா என்று வியந்திருப்பார்கள். நமக்கோ கூடலூர் போகிற வழியில் மலையடிவாரத்தில் தோட்டம். ஒரு யானை இறங்கினாலே ஒரு போக வாழை போச்சு. பத்து லட்சம் என்றதும் உன் அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. நான் உட்கார்ந்து உனக்குப் பாடம் எழுதினேன்: படுக்கும் இடத்தில் தகரம் வைத்துக்கொள், தீப்பந்தம் தயாராக இருக்கட்டும், வாழைத்தார் இருக்கிற வீட்டில் குடியிருக்காதே, காற்றுக்கு எதிராக ஓடு. நீ பதில் எழுதினாய்: "அத்தா, இங்கே யானையை விரட்ட மாட்டார்கள். வேலைக்குக் கூட்டிப்போகும் முன், மனுஷனுக்குச் செய்வது போலவே அதற்கும் அலைகிற உயிரை உடம்புக்குத் திரும்ப அழைத்து, வெள்ளை நூல் கட்டி, நல்ல வார்த்தை சொல்கிறார்கள்." அதைப் படித்த அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தக் கிறுக்கு. யானைக்கு நல்ல வார்த்தை சொல்கிற ஜனங்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் உன்னை நச்சரித்தேன். நீயும் சலிக்காமல், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டு எழுதினாய். பள்ளிவாசலில் என்னைக் கண்டால் சிலர் வேறு பக்கம் நகர்ந்துவிடுவார்கள். லாவோ கதை ஆரம்பித்துவிடுவேனாம்.

முதலில் அந்தச் சுரைக்காய் கதை. ஆதியில் ஒரு கொடியில் பெரிய பெரிய சுரைக்காய்கள் காய்த்தன, உள்ளே ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டது, காய்ச்சிய இரும்பால் துளை போட்டதும் சிலர் வந்தார்கள், உளியால் வெட்டியதும் மற்றவர்கள் வந்தார்கள், மலையில் இருக்கிறவர்களும் சமவெளியில் இருக்கிறவர்களும் இப்படி ஒரே கொடியில் வந்தவர்கள்தான் என்று எழுதியிருந்தாய். அதற்கப்புறம் கொஞ்ச நாள் உன் அம்மா சுரைக்காய் அரியும்போதெல்லாம் நான் காதை வைத்துக் கேட்பேன். அவள் அரிவாள்மனையை என் பக்கம் திருப்புவாள். எனக்கு அந்தக் கதை பிடித்துப்போனது. நம்மிடமும் மலைக்காரர்கள் தேன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலோடு போய்விடுகிறார்கள். ஒரே கொடி என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். 

அப்புறம் அந்த ராஜா. பிறக்கும்போதே வாய் நிறையப் பல்லோடு பிறந்தானாம், கெட்ட சகுனம் என்று தெப்பத்தில் வைத்து ஆற்றோடு விட்டார்களாம். தெற்கே கம்போஜத்து அரண்மனையில் வளர்ந்து, அந்த ராஜா மகளையே கட்டி, மாமனார் கொடுத்த படையோடு ஆற்றை எதிர்த்து மேலே வந்து, சிதறிக் கிடந்த ஊர்களையெல்லாம் சேர்த்து ஒரு நாடாக்கினான் என்று எழுதினாய். அதுதான் அந்தப் பத்து லட்சம் யானை நாடு. அவன் பெயர் என் வாயில் நுழையவில்லை, அதனால் நான் 'பல்லு ராஜா' என்றுதான் சொல்வது. அவனுக்குப் பல தலைமுறை கழித்து இன்னொரு ராஜா. நெடுங்காலம் ஆண்டான், நியாயம் தவறாதவன், அவன் காலத்தில் நாடு செழித்தது. அவனுடைய ஒரே மகன் அடுத்தவன் மனைவியை நாடிய குற்றத்துக்கு, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று மரண தண்டனை கொடுத்துவிட்டான். கிழவன் இறந்தபோது அரியணைக்கு நேர் வாரிசு இல்லை. அடித்துக்கொண்டு நாடு மூன்றாகப் போயிற்று. இதை நீ எழுதிய காலத்தில் ராஜாவின் நேர்மையை மெச்சிக்கொண்டேன். இந்த நோன்பு மாதத்தில் அந்தக் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தபோது மெச்சத் தோன்றவில்லை. நீ குற்றம் எதுவும் செய்யவில்லை, கேட்டிருக்கிறாய், அவ்வளவுதான். ஆனால் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நிற்கிற தகப்பனுக்குக் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதை அந்தக் கிழவனிடம்தான் பார்த்தேன்.

மூன்றாக உடைந்ததைச் சுற்றியிருந்தவர்கள் சும்மா விடுவார்களா? சயாம்காரன் வந்தான், கோயிலில் இருந்த பச்சைக்கல் புத்தரைத் தூக்கிப்போனான். பிற்பாடு நீ இப்போது இருக்கிற வியஞ்சானின் ராஜா ஒருவன் எதிர்த்து எழுந்து தோற்றபோது ஊரையே கொளுத்தி, ஜனங்களை ஆற்றுக்கு அக்கரை நடத்திக்கொண்டு போய்விட்டான். ஊரில் மரம் முளைத்தது. பிரெஞ்சுக்காரன் வந்து பார்த்தபோது காட்டுக்குள் இடிந்த கோபுரம்தான் நின்றது என்றாய். அவன் சயாம்காரனை மிரட்டி இக்கரையை வாங்கிக்கொண்டு ஆற்றையே எல்லையாக்கிவிட்டான். இப்போது இரண்டு கரையிலும் அதே ஜனங்கள், அதே பேச்சு, அதே ஒட்டுச்சோற்றை உருட்டிச் சாப்பிடுகிற கை, நடுவில் மட்டும் எல்லை. குமுளிச் சாவடியைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிற எனக்கு இது விளங்காதா? மேலே திருவிதாங்கூர், கீழே நாம். ஏறும்போது மலையாளம், இறங்கும்போது தமிழ், சுமை மட்டும் ஒன்றுதான்.

சண்டைக் காலத்தில் உன் கடிதம் நின்றுபோனது. உன் அம்மா அந்த வருஷங்களில் எப்படி இருந்தாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. ஜப்பான்காரன் பிரெஞ்சுக்காரனைப் பிடித்து அடைத்தது, பிறகு ஜப்பான்காரன் தோற்றது, லாவோக்காரர்கள் தாங்களே ஆள்கிறோம் என்று எழுந்தது, பிரெஞ்சுக்காரன் படையோடு திரும்பிவந்தது எல்லாம் உன் முதலாளி சொல்லித்தான் எங்களுக்கு முழுதாகத் தெரியும். அந்தக் கடைசிக் கலவரத்தில் ஊரே படகேறி அக்கரை ஓடியபோது, உன்னிடம் நூல் வாங்கித் துணி நெய்கிற ஒரு அம்மாள் கடை வாசலுக்கு வந்து, "நீயும் ஏறு" என்று உன்னைத் தன் மக்களோடு படகில் ஏற்றிக்கொண்டு போனாளாம். அக்கரையில் அவள் சொந்தங்களின் வீடு. அவள் முன்னோரை எந்தக் கரைக்கு நடத்திக்கொண்டு போனார்களோ அதே கரையில் உனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவளுடைய கடைசி மகள்தான் நீ கட்டிக்கொள்ளப் போகிற சந்தா. இதை நீ எழுதாமல், முதலாளியைவிட்டுச் சொல்ல வைத்தாய். பெற்றவர்களை வளைக்க எங்கே அடிக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் உன் அம்மா வளையவில்லை. முதலாளி நோன்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவள் கதவுக்குப் பின்னால் நின்றபடியே ஆரம்பித்தாள். "அந்தம்மா நல்லா இருக்கட்டும். அவுகளுக்காக அஞ்சு வேளையும் துவா செய்யுறேன். அதுக்காக ஒத்த ஆம்பளப் புள்ளயவா எடுத்துக் குடுக்கணும்? பொண்ண இங்கன கூட்டியாரச் சொல்லுங்க. எம்மக மாதிரி வச்சுக்கிடுறேன்." முதலாளி கடற்கரை ஊர்க்காரர், நிதானமானவர். "வரமாட்டாங்க ஆத்தா," என்றார். "அங்கே வீடு கடைசி மகளுக்குத்தான். அவதான் தாய் தகப்பனைக் கடைசி வரைக்கும் பார்க்கணும். அவ கிளம்பிட்டா அந்த அம்மாவுக்கு யாருமில்லை." "அப்ப எனக்கு யாரு இருக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். முதலாளி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் அவர்தான் மெதுவாகச் சொன்னார்: "எங்க ஊர்லயும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போறது. நானே மாமியார் வீட்டுலதான் இருக்கேன். என்னை யாரும் குறைச்சலாப் பார்த்ததில்லை ராவுத்தரே."

நான் அன்றைக்கு அவரை விடவில்லை. துருவித் துருவிக் கேட்டேன். மாமியார் வீட்டில் சாவிக்கொத்து யாரிடம்? சண்டை வந்தால் யார் வெளியே போவது? மாமனார் இருமினால் எழுந்து நிற்க வேண்டுமா? அவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குள் ஒரு யூகம் முளைத்தது, சரியா என்று நீ அங்கே விசாரித்து எழுது. அந்த ஜனங்களை எத்தனை முறை பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்! ஆண்கள் படைக்கும் சுமைக்கும் போய்த் தொலைந்திருப்பார்கள். தாயும் மகளும் பிரியாமல் இருந்ததால்தான் எந்தக் கரையில் கொண்டுபோய் விட்டாலும் அவர்கள் அவர்களாகவே இருந்திருக்க வேண்டும். ஒருவேளை அந்த வழக்கம் சண்டைகளுக்கெல்லாம் முந்தியதாகவும் இருக்கலாம். எப்படியானாலும், கடைசி மகளுக்கு வீடு என்பதில் ஒரு கணக்குத் தெரிந்தது. அவர் போன பிறகும் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தவன் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே உன் தங்கை மைமூன் அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

நமக்கும் கடைசி மகள் இருக்கிறாளே! உத்தமபாளையத்திலிருந்து அவளைக் கேட்டுவந்த இடத்தைப் பற்றி எழுதியது உனக்கு நினைவிருக்கும், மூன்று ஆண் மக்கள் உள்ள வீடு. அந்த மூன்றாவது பையன் காசிமை நம் வீட்டோடு வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. உன் அம்மாவிடம் சொன்னேன். "மகனும் அங்கன வீட்டோட மாப்பிள்ள, மருமகனும் இங்கன வீட்டோட மாப்பிள்ளயா? ஊரு சிரிக்கும்," என்றாள். ஆனால் கூடாது என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பையனின் தகப்பனார் எடுத்த எடுப்பிலேயே குதித்தார். "என்ன ராவுத்தரே, மூணு இருக்குதேன்னு ஒண்ண ஒங்களுக்குத் தூக்கிக் குடுக்கவா? எங்க கவுரவம் என்னாகுறது?" நான் பல்லு ராஜா கதையை எடுத்துவிட்டேன். மாமனார் வீட்டிலிருந்து கிளம்பித்தான் அவன் ஒரு நாட்டையே உண்டாக்கினான், பத்து லட்சம் யானை கட்டினான் என்றேன். அவர் வாயைப் பிளந்து கேட்டார். "அப்புறம் என்னாச்சு?" என்றார். கடைசியில் மந்திரிமார்களே அவனைப் பிடிக்காமல் நாட்டைவிட்டு விரட்டிவிட்டார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அந்தப் பகுதியை நான் சொல்லவில்லை. கல்யாணம் முடியட்டும், நீ வரும்போது நீயே சொல்லிக்கொள். இரண்டு முறை போய்வந்தபின், பையன் சம்மதித்தால் சரி என்றார்.

பெருநாள் தொழுகை முடிந்து அந்தப் பையன் நம் வீட்டுக்கு வந்தான். வாசலில் வந்து நின்றவன் அப்படியே நின்றுவிட்டான். செருப்பை எங்கே விடுவது, யாரைக் கூப்பிடுவது, உட்காரச் சொல்வார்களா மாட்டார்களா என்று எதுவும் தெரியாமல், சுமந்துவந்த பழக்கூடையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றான். நல்ல வேலைக்காரன், தோட்டத்தில் இரண்டு ஆள் வேலை செய்கிறவன், நம் வாசலில் அவன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. நான் எழுந்திருப்பதற்குள் உன் அம்மா வந்துவிட்டாள். அவனையே பார்த்தாள். அவள் அவனைத்தான் பார்த்தாளா, உன்னையா என்று எனக்குச் சந்தேகம். "என்னத்தா இது, அங்கன நிக்கிறீக? உள்ள வாங்க. ஒங்க வீட்டு வாசல்ல நீங்களே நின்னா எப்படி?" என்றாள். கூடையை அவன் தோளிலிருந்து அவளே இறக்கினாள். அவன் சாப்பிடும்போது பக்கத்திலேயே நின்று, வைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆகவே என் பதில் சம்மதம். உடனே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் வந்த வழி தெரியாமல் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டால் உனக்கு அதன் கனம் தெரியாது. அங்கே மழைக்காலம் முடிகிற வரைக்கும் துறவிகள் மடத்தைவிட்டு வெளியூர் தங்கப் போகமாட்டார்கள், கல்யாணமும் வைக்கமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். நம் நோன்பு மாதம் போல அவர்களுக்கும் ஒரு காலம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. முதலாளி கப்பலேறும் முன் இது அவர் கையில் சேர்ந்துவிடும், மழை விடுவதற்குள் உனக்கு வந்துவிடும். கல்யாணத்தில் கையில் நூல் கட்டுகிற அவர்கள் சடங்கைப் பற்றி நம்மவர்களில் விவரம் தெரிந்தவரைக் கேட்டு நடந்துகொள். எது முடியாதோ அதை முகம் சுளிக்காமல் சொல், நூல் கட்ட வருகிற கையைத் தட்டிவிடாதே. ஒட்டுச்சோறு சாப்பிடும்போது நம் ஊர்ச் சம்பா அரிசியைப் பற்றிப் பேசாதே. மாமியாரின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஊர்க் கதையைக் கேள். தன் கதையைக் கேட்கிற மருமகனை எந்த மாமியாரும் வெறுத்ததில்லை. கேட்டதை எனக்கு எழுது. எங்கள் சந்தேகம் ஒன்று பாக்கியிருக்கிறது: உன்னை அந்த வீட்டில் எப்படி வைத்துக்கொள்கிறார்கள்? எங்கே உட்காரச் சொல்கிறார்கள், யார் முதலில் சாப்பிடுகிறார்கள், கோபம் வந்தால் உன்னிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுது. அதே மாதிரிதான் காசிமை இங்கே வைத்துக்கொள்வதென்று நானும் அம்மாவும் முடிவு செய்திருக்கிறோம். அவர்களைவிட நாங்கள் குறைந்துபோகக் கூடாது பார்.

இனி நீ கேட்ட அந்த ஒரு காரியம். மாப்பிள்ளை ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்ததும் பெண் வீட்டு ஏணிப்படியில் கயிறு பிடித்து மறித்து, எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார்களாம். மாப்பிள்ளையின் பெரியவர்கள் பதில் சொன்ன பிறகுதான் கால் கழுவி மேலே ஏற்றுவார்களாம். "என் பக்கத்தில் நின்று சொல்ல யாருமில்லை அத்தா, நீங்கள் எழுதி அனுப்புங்கள், முதலாளி சொல்லட்டும்" என்று எழுதியிருந்தாய். இவ்வளவு காலம் நான் கேள்வி கேட்டேன், அவர்கள் பதில் சொன்னார்கள். இப்போது அவர்கள் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு நான் எழுதிவிட்டேன்: மேற்கே ஓட வேண்டிய பெரியாறு மலையைக் குடைந்து கிழக்கே இறங்கி வந்து வயலை நனைக்கிற ஊரிலிருந்து வருகிறான், யானைக்குப் பயந்த ஜனங்கள், மனிதர்களுக்குப் பயந்தவர்கள் இல்லை, நெல்லும் வாழையும் போடுகிறவர்கள், இவன் அவர்களுடைய ஒரே மகன் என்று சொல்லச் சொல்.

இனி இரண்டாவது கேள்வி. எதற்கு வந்தான்? பிழைக்க வந்தான், துணி விற்க வந்தான், பெண் கேட்டு வந்தான், எதை எழுதினாலும் பொய்யாகப் பட்டது. எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சத்தமாகக் கேட்டேன், வாசலில் மறித்து எதற்கு வந்தாய் என்று கேட்கிறார்களாம், என்ன சொல்ல? அவள் முறத்தை நிறுத்தவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

"இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? அவன் தன் வீட்டுக்கு வந்திருக்கான்னு சொல்லச் சொல்லுங்க."